விரிசலுக்கு மேலே ஒரு பனிப்பாதை

குளிர்காலத்தில் ஜோஷிமட்டுக்குச் சோறு போடுவது பனியில் நடக்க வருபவர்கள்தான். ஊரே அமிழும்போது அந்தப் பாதைகளில் நடக்கலாமா? தில்லியிலிருந்து வந்த ஒரு தமிழாசிரியைக்கு மூன்று நாள் நடையில் கிடைத்த பதில்.

2024 பிப்ரவரி, மாசி பிறந்த வாரம். காலை ஆறரை மணிக்கு ஜோஷிமட்டின் மனோகர்பாக் பகுதியில், சுவரில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டிருந்த ஒரு வீட்டின் பூட்டைத் திறந்தார் வழிகாட்டி. முப்பத்து நான்கு வயது இளைஞர். உள்ளே யாரும் குடியில்லை. 2023 ஜனவரியில் அதிகாரிகள் வந்து, வசிக்கத் தகுதியற்றது என்று அடையாளமிட்டுச் சென்ற வீடு அது. குடும்பம் வாடகை அறைக்குப் போய்விட்டது. அந்த அறையில் இடமில்லாததால் பனியில் நடப்பதற்கான சாமான்கள் மட்டும் பழைய வீட்டிலேயே கிடக்கின்றன. பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல் பட்டைகள், ஊன்றுகோல்கள், பனி உள்ளே புகாமல் கணுக்காலுக்கு மேல் இழுத்துக் கட்டும் உறைகள்.

வாசலில் நின்றிருந்தவர் 62 வயது ஆசிரியை. தில்லியில் முப்பத்தோரு ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். திறந்த கதவு வழியே எட்டிப் பார்த்தார். கூடத்துச் சுவரில் கூரையிலிருந்து தரை வரை ஒரு விரிசல். அதன் குறுக்கே, காயத்துக்கு பிளாஸ்திரி போட்டதுபோல், பத்திரிகைக் காகிதத் துண்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. ஏன் என்று கேட்க நினைத்தார், கேட்கவில்லை.

"கவலைப்படாதீங்க மாதாஜி, இன்னிக்கு விழாது" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தபடி வெளியே வந்த வழிகாட்டி, கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மூன்று நாள் நடை அங்கே தொடங்கியது.

ஆசிரியை இந்த ஊருக்குப் புதியவரல்ல. 1996 டிசம்பரில் கணவருடன் வந்திருக்கிறார். ஜோஷிமட்டிலிருந்து ஆலிக்குப் போகும் ரோப்வே ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம். ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் தூரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றபடியே கடந்தார்கள். மேலே ஒரு மணி நேரம் இருந்தார்கள். பக்கோடா சாப்பிட்டார்கள், ஆறு படம் எடுத்தார்கள், இறங்கிவிட்டார்கள். வரும் வழியில் கீழே தேவதாருக் காட்டுக்குள் ஓர் ஒற்றையடிப் பாதை தெரிந்தது. முதுகில் விறகுச் சுமையுடன் நாலைந்து பெண்கள் அதில் ஏறிக்கொண்டிருந்தார்கள். "அடுத்த தடவை இதுலதான் நடக்கணும்" என்றார் கணவர். அடுத்த தடவை என்பது வரவேயில்லை. 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் அவர் இறந்துவிட்டார்.

இந்த முறை மகன் தடுத்தான். "அம்மா, புதையுற ஊருக்கா போறே?" என்று கேட்டான். "அங்கே இருக்கிறவங்க எல்லாம் எங்கே போனாங்களாம்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் பையைக் கட்டினார். ஆனால் ரிஷிகேசத்திலிருந்து 250 கிலோமீட்டர், மலைப்பாதையில் வளைந்து வளைந்து வரும்போதெல்லாம் மகனுடைய கேள்விதான் கூடவே வந்தது. வீடிழந்தவர்களின் ஊருக்குப் பனி பார்க்கப் போவது என்ன நியாயம்?

அலகநந்தாவும் தௌலிகங்காவும் கூடும் விஷ்ணுபிரயாகைக்கு மேலே, சுமார் 1,890 மீட்டர் உயரத்தில், வடக்குப் பார்த்த சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது ஜோஷிமட். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 16,709. ஆதிசங்கரர் நிறுவியதாகக் கருதப்படும் நான்கு மடங்களில் வடக்கு மடம் இங்கே இருக்கிறது. ஜோதிர்மடம் மருவி ஜோஷிமட் ஆயிற்று. 2024 ஜூனில் வட்டத்தின் பெயரை ஜோதிர்மட் என்றே மாற்ற மத்திய அரசு ஒப்புதல் தந்தது. தமிழ் வைணவர்களுக்கு இன்னொரு உறவும் உண்டு. திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இந்த ஊர்தான் என்று கொள்வது மரபு. 108 திவ்ய தேசங்களை எண்ணிக்கொண்டு வருபவர்கள் பத்ரிக்குப் போகும் வழியில் இங்கே இறங்கி நரசிம்மரைச் சேவித்துவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் அது கோடையில். நவம்பரில் பத்ரிநாத்தின் நடை சாத்தப்படும். உத்தவரும் குபேரரும் பாண்டுகேசுவரத்துக்கு இறங்குவார்கள். சங்கராசாரியாரின் ஆசனம் ஜோஷிமட் நரசிம்மர் கோயிலுக்கு வரும். அத்துடன் யாத்திரைப் பேருந்துகள் நின்றுவிடும். பூக்கடை, பூஜைச் சாமான் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் ஷட்டரை இறக்கும். 2023இல் பத்ரிநாத்துக்குப் போனவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். அவ்வளவு கூட்டமும் வடிந்த பிறகு, ஏப்ரல் கடைசி வரை ஊர் எதை வைத்துப் பிழைக்கும்? பனியை வைத்துத்தான்.

வானம் தெளிந்திருக்கும் குளிர்காலத்தில் சிகரங்கள் கோடையைவிடத் தெளிவாகத் தெரியும். அதற்காகவே நடப்பவர்கள் டிசம்பரிலிருந்து வருகிறார்கள். அவரவர் காலுக்கும் நாளுக்கும் ஏற்ற பாதைகள் இருக்கின்றன. காட்டு வழியாக ஆலிக்கு ஒரு நாள் ஏற்றம். ஆலியிலிருந்து கோர்சன் புல்வெளிக்கு மூன்று கிலோமீட்டர். தபோவனத்துக்கு அப்பால் சுபாயீன் கிராமத்தைத் தாண்டிப் பவிஷ்ய பத்ரிக்கு ஒரு காட்டுப் பாதை. நாலைந்து நாள் ஒதுக்க முடிந்தவர்களுக்கு, டாக் கிராமத்திலிருந்து குல்லாரா வழியாகக் குவாரி கணவாய். அங்கிருந்து தாலி வழியாக ஆலிக்கு இறக்கம்.

குவாரி பழைய பாதை. கர்சன் பிரபுவின் பெயரால் அதைக் கர்சன் பாதை என்றும் சொல்வார்கள். 1934இல் எரிக் ஷிப்டனும் டில்மனும் ராணிகேத்திலிருந்து நடந்து, இந்தக் கணவாயைக் கடந்துதான் ஜோஷிமட்டுக்கு வந்தார்கள். நந்தா தேவியைச் சுற்றியுள்ள மலைக்கோட்டைக்குள் நுழைய வழி தேடிய பயணம் அது. இரண்டு ஆண்டுகள் கழித்து டில்மனும் ஓடெலும் அந்தச் சிகரத்தில் ஏறினார்கள். அவர்களுக்குச் சுமை தூக்கிய மலைவாசிகளின் பாதை இன்றைக்கு அவர்களுடைய பேரப் பிள்ளைகளுக்குப் பிழைப்பு.

முதல் நாள் ஏற்றம் சுனீல் கிராமத்தின் வழியாக. சாலையில் வண்டி போனால் பதினைந்து கிலோமீட்டர்போல வளைந்து போக வேண்டும். நடைபாதை நேராக மலையில் ஏறுகிறது. கல் பாவிய படிகள், ஆப்பிள் மரங்கள், மாட்டுக் கொட்டில்கள். இலையுதிர்ந்த கிளைகளுக்கு நடுவே வீடுகள். சில வீடுகளில் புகை. சில வீடுகளில் சிவப்புக் குறி. தலைக்கு மேலே கம்பி மட்டும் போகிறது, பெட்டி இல்லை. 2023 ஜனவரியில் நிலையத்தை ஒட்டி விரிசல் கண்டதும் ரோப்வே நிறுத்தப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் மேலிருந்து பார்த்த பாதையில் நின்று, ஆசிரியை அந்தக் கம்பியை அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வழிகாட்டி தண்ணீர் புட்டியை நீட்டினார்.

அவர் கற்றுத்தந்த முதல் பாடம் புட்டி பற்றியதுதான். "மேலே போனதும் தலைகீழா வையுங்க மாதாஜி." தண்ணீர் மேலிருந்து உறையும், தலைகீழாக வைத்தால் உறைவது அடிப்பக்கம், மூடிப் பக்கம் குடிக்கலாம். இரண்டாவது பாடம், வியர்க்க வியர்க்க நடக்கக் கூடாது. வியர்வையில் நனைந்த உள்சட்டை நின்ற நிமிஷமே பனிக்கட்டியாகும். ஏறும்போது ஒரு கம்பளியைக் கழற்ற வேண்டும், நின்றதும் மாட்ட வேண்டும். மூன்றாவது, வெள்ளையாகத் தெரியும் பனிக்குப் பயப்பட வேண்டாம். வெயில் படாத வளைவில் கண்ணாடிபோல் பளபளக்கும் உறைந்த நீருக்குத்தான் பயப்பட வேண்டும். நான்காவது, வெயில் எவ்வளவு இதமாக இருந்தாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. பனியில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் காயப்படுத்திவிடும்.

வாழ்நாளெல்லாம் பாடம் நடத்தியவர், சமர்த்தாகக் கேட்டுக்கொண்டார்.

பாதி வழியில் ஒரு கல்மேல் உட்கார்ந்து மண்டுவா ரொட்டி சாப்பிட்டார்கள். மண்டுவா என்பது நம் கேழ்வரகுதான். இங்கே ஜங்கோரா என்பது குதிரைவாலி. தமிழ்நாட்டுக் கிராமத்தில் பாட்டி கிண்டிய தானியம் இமயமலைச் சரிவில் ரொட்டியாகக் கைக்கு வந்ததில் ஆசிரியைக்கு ஏக மகிழ்ச்சி. பிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நிலம் ஏன் அமிழ்கிறது?

பதில் சொல்ல வழிகாட்டிக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. உட்கார்ந்திருந்த பெரிய பாறாங்கல்லைத் தட்டிக் காட்டினார். "இது மலை இல்லை மாதாஜி. மலையிலேருந்து எப்பவோ விழுந்த கல். ஊர் முழுக்க இதுமேலதான் இருக்கு."

இதையே அரசாங்கக் காகிதத்தில் 1976இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அப்போது ஊரில் நிலம் நழுவியதை ஆராய, கர்வால் ஆணையர் மிஸ்ரா தலைமையில் 18 பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. ஜோஷிமட் தாய்ப்பாறைமேல் அமையவில்லை, பழைய நிலச்சரிவில் குவிந்த மணலும் கல்லும்தான் அதற்கு அடித்தளம் என்றது குழு. சரிவில் உள்ள பாறாங்கற்களைத் தோண்டவோ வெடிவைத்து எடுக்கவோ கூடாது. மரம் வெட்டக் கூடாது, நட வேண்டும். பாரமான கட்டடங்களைக் கட்டுப்படுத்த வேண்டும். கழிவுநீரும் மழைநீரும் மண்ணுக்குள் இறங்காமல் வடிகால் அமைக்க வேண்டும். அடுத்த அரை நூற்றாண்டில் என்ன நடக்கக் கூடாது என்பதற்கான பட்டியல் அது. பெரும்பாலும் அதெல்லாம்தான் நடந்தது.

யாத்திரைக் கூட்டம் பெருகப் பெருக, ஓட்டல்கள் மாடிமேல் மாடியாக உயர்ந்தன. சாலைக்காகச் சரிவுகள் வெட்டப்பட்டன. கீழே 520 மெகாவாட் தபோவன்-விஷ்ணுகாட் நீர்மின் திட்டத்துக்காக மலைக்குள் சுரங்கம் குடையப்பட்டது. 2009 டிசம்பர் 24 அன்று துளையிடும் இயந்திரம் நிலத்தடி நீர்த் தொகுதி ஒன்றை உடைத்துவிட, விநாடிக்கு 700 முதல் 800 லிட்டர்வரை தண்ணீர் கொட்டியது. ஊர் அமிழ்வதற்கும் சுரங்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று திட்டத்தை நடத்தும் நிறுவனம் மறுத்தது. ஊர்க்காரர்கள் அதை நம்பத் தயாராக இல்லை. 2023 ஜனவரி 2ஆம் தேதி இரவு மார்வாடி பகுதியில் பூமியைப் பிளந்துகொண்டு சேற்று நீர் பீறிட்டது. 2022 டிசம்பர் 27 முதல் 2023 ஜனவரி 8 வரையிலான 12 நாட்களில் மட்டும் நிலம் 5.4 சென்டிமீட்டர் இறங்கியதாகச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. 868 கட்டடங்களில் விரிசல். அவற்றில் 181 ஆபத்தான பகுதியில். ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்த இரண்டு ஓட்டல்களை இடிக்க வேண்டியிருந்தது.

வழிகாட்டியின் வீட்டுக்குச் சிவப்புக் குறி விழுந்தது அந்த வாரத்தில்தான். இடைக்கால உதவி ஒன்றரை லட்சம் ரூபாய், மாத வாடகைக்கு முதலில் 4,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஆனால் அவருடைய அம்மா வீட்டைவிட்டு வர மறுத்துப் பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "வீட்டுக்குக் குறி போட்டாங்களே, பசு எங்கே போகும்னு யாரும் கேட்கலை" என்றார் வழிகாட்டி. பசுவை சுனீலில் ஒரு உறவினர் வீட்டில் கட்டியிருக்கிறார்கள். போகிற வழியில் அதற்கு ஒரு ரொட்டி கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

மாலை நான்கு மணிக்கு ஆலி வந்தது. பனிச்சறுக்குக்குப் பெயர் பெற்ற சரிவு. 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் இங்கே நடந்தன. அதற்காகச் செயற்கை ஏரியும் பனி தூவும் இயந்திரங்களும் வந்தன. ஆனால் காற்று உறைநிலைக்குப் பக்கத்தில் போகாவிட்டால் இயந்திரமும் கைவிரித்துவிடும். இந்தக் குளிர்காலத்தில் ஜனவரி முழுக்க மலை வறண்டு கிடந்தது. மேற்கிலிருந்து வர வேண்டிய மேகங்கள் வரவில்லை. மாதம் முடியும் தருவாயில்தான் ஆலி வெளுத்தது. முந்தின ஆண்டு விரிசலுக்குப் பயந்து ஆள் வரவில்லை. இந்த ஆண்டு பனியில்லாமல் ஆள் வரவில்லை. இரண்டு குளிர்காலம் அடுத்தடுத்துப் பொய்த்ததில் வழிகாட்டியின் நண்பர்கள் சிலர் டேராடூனுக்கு ஓட்டல் வேலைக்குப் போய்விட்டார்கள்.

கூட்டம் வந்தாலும் சிக்கல்தான். 2019 ஜூனில் ஆலியில் பல நாள் நடந்த ஓர் ஆடம்பரக் கல்யாணம் விட்டுப்போன குப்பை, உயர் நீதிமன்றம்வரை போயிற்று. அதற்கு முந்தைய ஆண்டே, 2018 ஆகஸ்டில், 'புக்யால்' எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தடைவிதித்திருந்தது. வழிகாட்டிகளுக்கு அது வருமான அடி. ஆனாலும் இவர் தீர்ப்பைக் குறைசொல்லவில்லை. கோடையில் கூடாரத்தைச் சுற்றி வெட்டும் வடிகால், அடுப்புச் சாம்பல், கோவேறு கழுதைகளின் குளம்பு எல்லாம் அந்தப் புல்லின் வேரைக் கிளப்பிவிடும், மறுபடி முளைக்க வருஷக்கணக்காகும் என்பது அவருக்குத் தெரியும். "பனியில் நடந்தா புல்லுக்குத் தெரியவே தெரியாது. நாம வந்துபோன தடம் ஏப்ரல்ல தண்ணியாப் போயிடும்" என்றார்.

இரண்டாம் நாள், விடிந்தும் விடியாததுமாகக் கோர்சனுக்குக் கிளம்பினார்கள். வெயில் ஏறிவிட்டால் பனி இளகிக் கால் முழங்கால்வரை இறங்கும். இரவில் இறுகிய மேல்தோடு காலையில்தான் ஆளைத் தாங்கும். கர்சூ ஓக் மரங்களுக்கு நடுவே பாதை போனது. பூட்ஸின் இரும்புப் பற்கள் கருக் கருக்கென்று கடித்தன. ஒரு வளைவில் நரியின் காலடி வரிசையாகத் தையல்போட்டதுபோல் போயிருந்தது. மரத்தடியிலிருந்து மோனால் பறவை ஒன்று கூச்சலிட்டபடி பள்ளத்தாக்கில் பாய்ந்தது. உத்தராகண்டின் மாநிலப் பறவை. ஒரு கணம் அந்த வெள்ளையில் நீலமும் பச்சையும் செம்பும் மின்னி மறைந்தன.

ஆசிரியை நின்று மூச்சு வாங்கினார். கையுறையைக் கழற்றிப் பனியை அள்ளிப் பார்த்தார். மாவுபோல் விரலிடுக்கில் வழிந்தது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதையும் முப்பத்தோரு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்டவர். மாசியும் பங்குனியும் பின்பனி. தில்லிப் பிள்ளைகள் பனி என்றால் சிம்லா என்று நினைத்துக்கொள்வார்கள்; "அது புல்லில் விழுகிற பனி, நடக்கிற பனியில்லை" என்று திருத்துவார். நடக்கிற பனிக்குத் தமிழில் தனிச்சொல் கேட்டால் அவரிடம் பதில் கிடையாது. பார்த்தவர்கள்தானே பெயர் வைக்க முடியும்? வழிகாட்டியிடம் கேட்டார். பனிக்குக் கர்வாலியில் 'ஹ்யூன்', அது விழும் காலம் 'ஹ்யூந்த்' என்றார். பருவத்துக்கே பனியின் பெயர். பனி விழாத ஜனவரிக்கு என்ன பெயர் வைப்பது என்று அவரே சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் குறைவாகத்தான் இருந்தது.

மரங்கள் சட்டென்று முடிந்தன. எதிரே, கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளை மேடாக கோர்சன். அதற்குமேல் வரிசையாகச் சிகரங்கள். வழிகாட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டினார். யானையும் குதிரையும்போல் ஹாத்தியும் கோரியும். 7,066 மீட்டர் துரோணகிரி. சஞ்சீவி மூலிகைக்காக அனுமன் பெயர்த்துக்கொண்டு போனது தங்கள் மலையைத்தான் என்பதால், அதன் கீழே உள்ள கிராமத்தார் இன்றும் அனுமனைக் கும்பிடுவதில்லை. அதற்கப்பால் நந்தா தேவி, 7,816 மீட்டர். முழுக்க இந்தியாவுக்குள்ளேயே நிற்கும் சிகரங்களில் மிக உயரமானது. கர்வாலியர்களுக்கு அவள் வீட்டுப் பெண். கயிலாயத்தில் கட்டிக்கொடுத்த மகள்.

அந்தச் சிகரங்களுக்கு இடையில் தௌலிகங்காவின் பள்ளத்தாக்கு. அங்கேதான் ரைணி. 1974இல் கௌரா தேவியின் தலைமையில் பெண்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்று, வெட்ட வந்தவர்களைத் திருப்பியனுப்பிய கிராமம். அதே ரைணிக்கு மேலே 2021 பிப்ரவரி 7 அன்று, வெயிலடித்த ஒரு ஞாயிறு காலையில், மலையின் ஒரு பகுதி பாறையும் பனிக்கட்டியுமாகப் பெயர்ந்து விழுந்தது. ரிஷிகங்கா மின் நிலையம் அடித்துச் செல்லப்பட்டது. தபோவன் சுரங்கத்துக்குள் சேறு புகுந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் இருநூறுக்கும் மேல். அன்று வழிகாட்டி இதே கோர்சனில் இருந்தார். தூசி மேகம் ஒன்று பள்ளத்தாக்கில் எழுந்ததைப் பார்த்தார், என்னவென்று தெரியவில்லை. பள்ளியில் கூடப் படித்தவன் ஒருவன் அன்று சுரங்கத்தில் வேலைக்குப் போயிருந்தான்.

வெகுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு ஆசிரியை, தில்லியிலிருந்து சுமந்துவந்த கேள்வியைக் கேட்டுவிட்டார். "தம்பி, நான் இங்கே வந்திருக்கக் கூடாதோ?"

வழிகாட்டி யோசித்துத்தான் பதில் சொன்னார். "போன வருஷம் யாரும் வராம இருந்தாங்க மாதாஜி. விரிசல் ஒண்ணும் மூடலை." கொஞ்சம் நிறுத்தித் தொடர்ந்தார். "வர்றதுல தப்பில்லை. எப்படி வர்றாங்க என்கிறதுதான். நீங்க ரெண்டு காலோட வந்தீங்க, ஒரு பையோட. எங்க வீட்டுக்காரி செய்த ரொட்டியைச் சாப்பிட்டீங்க. குப்பையைத் திருப்பிக் கொண்டுபோறீங்க. இதை இந்த மலை தாங்கும். உங்களுக்காக அஞ்சு மாடி கட்டணும், மலையைக் குடைஞ்சு வழி பண்ணணும், ராத்திரியிலும் வெந்நீர் வரணும்னா அதைத் தாங்காது."

இது வழிகாட்டியின் சொந்தக் கணக்கு. இதில் ஓட்டைகளும் உண்டு. நடப்பவர்களும் தில்லியிலிருந்து பேருந்தில்தான் வருகிறார்கள். அந்தச் சாலையையும் யாரோ வெட்டித்தான் போட்டார்கள். எல்லைக்குப் போகும் ராணுவத்துக்கும், பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்கும் அதே சாலைதான். நடையை மட்டும் வைத்து 16,000 பேர் பிழைக்க முடியாது. ஆனாலும் 1976ஆம் ஆண்டுக் குழு நீட்டி எழுதிய எச்சரிக்கையின் சாரம் அவர் சொன்னதில் இருந்தது. எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதை மண்ணைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். வந்துபோகிறவர்களைக் கேட்டல்ல.

புல்வெளியின் மறு ஓரத்திலிருந்து தாலிக்கு ஒரு முதுகுமேடு போகிறது. அதைப் பிடித்தால் மறுநாள், சுமார் 12,000 அடி உயரத்தில், குவாரி கணவாய். ஆசிரியை ஆசையோடு பார்த்தார். மணி பன்னிரண்டே கால். காலடிப் பனி இளகத் தொடங்கியிருந்தது. மேற்கே மெலிதாக மேகம் வரி போட்டிருந்தது. "இங்கே திரும்பினா சூரியனோட இறங்கலாம்" என்றார் வழிகாட்டி. இன்னும் கொஞ்ச தூரம் என்று கேட்கும் பயணிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஆசிரியை கேட்கவில்லை. சிகரங்களைப் பார்த்து ஒருமுறை கைகூப்பிவிட்டுத் திரும்பினார். ஆலி விடுதிக்கு வந்து கஞ்சிபோல் கெட்டியான தேநீரைக் குடித்தபோது, கண்ணாடிக்கு வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. சமையல்காரரும் வழிகாட்டியும் வாசலுக்கு ஓடிப்போய்க் கையை நீட்டி நின்றார்கள், கடன் வசூலானவர்களைப் போல.

மூன்றாம் நாள் இறக்கம். புதுப்பனி மூடிய படிகளில் பக்கவாட்டில் கால் வைத்து, ஊன்றுகோலை முன்னால் ஊன்றி, மெல்ல இறங்கினார்கள். சுனீலில் பசு வழிகாட்டியின் குரல் கேட்டுக் கத்தியது. ஊர் முழுக்க வெளுத்திருந்தது. கூரை, தெரு, இடித்த ஓட்டலின் வெற்றுமனை எல்லாவற்றையும் பனி ஒன்றுபோல் மூடியிருந்தது. சிவப்புக் குறிகள் மட்டும் சுவரில் இன்னும் பளிச்சென்று தெரிந்தன.

போகும் வழியில் நரசிம்மர் கோயிலுக்குப் போனார்கள். இங்கே ஒரு நம்பிக்கை உண்டு. மூலவரின் ஒரு கை மெலிந்துகொண்டே வருகிறது. அது முறிந்து விழும் நாளில் ஜெயன், விஜயன் என்னும் இரண்டு மலைகளும் மோதிக்கொள்ளும், பத்ரிக்குப் போகும் வழி அடைபடும், பிறகு பெருமாளைப் பவிஷ்ய பத்ரியில்தான் சேவிக்க வேண்டும். விரிசல் வந்த நாளிலிருந்து இந்தக் கதையைக் கேட்கும் பயணிகள் அதிகமாகிவிட்டார்கள். வழிகாட்டிக்கு அதில் எரிச்சல். "கை மெலிஞ்சதால வீடு விரியலை, மாதாஜி. கட்டினவன், குடைஞ்சவன், பார்த்துக்கிட்டிருந்தவன் எல்லாம் மனுஷன்தான்." சொல்லிவிட்டுச் செருப்பை ஓரமாக விட்டு, நெற்றி தரையில் படக் கும்பிட்டார்.

மனோகர்பாக் வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். வழிகாட்டி மறுபடி அந்தப் பூட்டைத் திறந்தார். சாமான்களைத் துடைத்து, ஈரம் போக ஒரு கயிற்றில் மாட்டினார். இந்த முறை ஆசிரியை வாசற்படியில் நின்றபடியே கேட்டார்: "அந்தக் காகிதம் எதுக்கு?"

செல்போன் வெளிச்சத்தைச் சுவர்மேல் அடித்துக் காட்டினார். விரிசல் அகலமாகிறதா என்று அளக்க நிபுணர்கள் சில வீடுகளில் கருவி பொருத்தினார்கள். இவர் வீட்டுக்கு வரவில்லை. அதனால் விரிசலின் குறுக்கே இந்திப் பத்திரிகைத் துண்டை இழுத்து ஒட்டி, தேதி எழுதி வைத்தார். சுவர் நகர்ந்தால் காகிதம் கிழியும். முதல் துண்டு 2023 ஜனவரியில் ஒட்டியது. நான்கே நாளில் நடுவில் பிளந்தது. அதற்குக் கீழே இரண்டாவது, மார்ச்சில். மூன்றாவது மழைக்காலத்தில் கிழிந்தது. எதையும் அவர் பிய்த்து எறியவில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிழிந்த துண்டுகள், தேதிகளோடு.

கடைசித் துண்டு நவம்பரில் ஒட்டியது. ஆசிரியை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஓரடி உள்ளே வைத்து, கிட்டப் போய்ப் பார்த்தார். ஏதோ ஒரு கிரிக்கெட் செய்தியின் பாதி. முழுசாக இருந்தது.

"கிழியலையே!" என்றார்.

"குளிர்காலத்துல கிழியாது, மாதாஜி. மழை வரட்டும், அப்புறம்தான் தெரியும்" என்று சொல்லி விளக்கை அணைத்தார் வழிகாட்டி. கதவைப் பூட்டிவிட்டு, இழுத்துப் பார்த்தார்.

பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போது ஆசிரியை, அடுத்த மாசியில் தாலிவரை போக முடியுமா என்று கேட்டார். இப்போதிலிருந்தே தினம் ஒரு மணி நேரம் நடந்தால் முடியும் என்றார் அவர். பனி மட்டும் விழ வேண்டும். வீடும் நிற்க வேண்டும். சாமான் வைக்க வேறு இடமில்லை.